அவர் பெயரில் பாதி

என் வீட்டுக்காரர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை, பழக்கம். எங்கள் காலத்தில் கல்யாணமான பெண் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால், வரிசையில் பின்னால் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லுவாள். கூப்பிட வேண்டுமென்றால் 'ஏங்க' இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்திவிடலாம். வேண்டுமானால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர் பெயரில் பாதி 'ராஜா'. மீதியைக் கேட்காதீர்கள்.

இதில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு என்ன தொல்லை என்று பாருங்கள். பெயர் மட்டுமல்ல, பெயருக்குள் இருக்கிற சொல்லும் ஆகாது என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் பாட்டுகளிலோ மூன்று வரிக்கு ஒரு ராஜா வருவார். ஜெபத்தைக் கேட்கவே வேண்டாம், ராஜாவில் ஆரம்பித்து ராஜாவில் முடியும். ஆகவே கோயிலில் பாடும்போது அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன், தாண்டியதும் திறப்பேன். பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு விக்கல் என்று நினைத்திருக்கலாம். அந்த மனுஷன் இருக்கிறாரே, சரியாக அந்த இடத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஆராதனை நடக்கிற நேரத்தில்! வீட்டுக்கு வந்து திட்டுவேன். அடுத்த ஞாயிறும் திரும்புவார்.

ஜப்பான்காரன் வந்தான். எங்கள் கோயிலை மூட்டை அடுக்க எடுத்துக்கொண்டான். வெள்ளைக்காரப் பாதிரியார் சிங்கப்பூரில் சிறைக்குப் போனார். சபை தெருத்தெருவாகப் பிரிந்தது. மலாக்கா காஜா பெராங்கில் இருந்த, என் வீட்டுக்காரரையும் சேர்த்து, எங்கள் ஏழு பேருக்குத் தையல்காரர் அண்ணன் வீட்டு முன்னறைதான் கோயில். கூட்டம் போட போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அண்ணன் வாங்கி, தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். புதன்கிழமை ஆறு மணி. ஆறு மணி என்றால் டோக்கியோ ஆறு மணி. கடிகாரத்தை எல்லாம் அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டான், சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை. 'மாலைக் கூட்டம்' என்று பெயர், தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக் கொட்டும்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் சயாமுக்குப் போனார். பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசருக்கு உதவியாளாக இருந்தார், புண்ணுக்கு மருந்து போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பது. அந்தத் தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். இவரைப் பிடித்துப் போகவில்லை. இவராகப் போனார். "அங்க ஒரு காய்ச்சல்னா பாக்க ஆள் வேணாமா?" என்றார். "ஊர்ல வேற ஆளே இல்லையா? உங்களுக்குத்தான் எழுதி வச்சிருக்கா?" என்று கத்தினேன். மூன்று நாள் பேசவில்லை.

போகிற அன்று காலை நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்" என்றார். பதில் சொல்லவில்லை. நின்றார். நான் ஒரு 'ஏங்க' சொல்வேன், சொன்னதும் திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றார், எனக்குத் தெரியும். தெரிந்தும் துருவிக்கொண்டே இருந்தேன். செருப்புச் சத்தம் சந்து முனை வரை கேட்டது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மூன்று மாதம் என்று சொன்னார்கள். ஆறு மாதம் ஆயிற்று. ஒரே ஒரு அட்டை வந்தது, 'நலம்' என்று அச்சடித்து, கீழே அவர் கையெழுத்து. அப்புறம் அதுவும் இல்லை. சயாமிலிருந்து வருகிற சேதி எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற சேதிதான். எனக்குக் கடவுள்மேல் கோபம். சும்மா கோபமில்லை, பேச்சுவார்த்தையே இல்லாத கோபம். புருஷனிடம் மூன்று நாள் பேசாதவளுக்குக் கடவுளிடம் ஆறு மாதம் பேசாமல் இருப்பதா கஷ்டம்?

ஆனாலும் புதன்கிழமை போய்விடுவேன். உண்மையைச் சொல்கிறேன், தையல்காரர் மனைவி செய்யும் மரவள்ளிப் புட்டுக்காகப் போனேன். அக்கா என்று கூப்பிடுவேன். அரிசியை மறந்துபோன அந்தக் காலத்தில், மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, தேங்காய் போட்டு, கூலா மலாக்காவை விரல் நுனி அளவு உடைத்து மேலே வைப்பார். அந்தக் கருப்பட்டித் துணுக்கு கரைகிற வரைக்கும் எனக்கு ஜெபம் நீண்டால் பரவாயில்லை.

ஜெபமும் நீண்டுதான் போகும். காரணம் எங்கள் கிராணி ஐயா. ரப்பர் கடையில் நிறுவைக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர், ஐம்பது வயது, கடை மூடிய பிறகும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வருவார். வேதம் வாசிப்பது அவர்தான். ஒவ்வொரு வாரமும் அதே ஒரு சங்கீதத்தை வாசிப்பார். முதல் ஜெபமும் அவர்தான். "ராஜாதி ராஜாவே" என்று ஆரம்பித்தால் இஞ்சின் சூடாகிவிடும், அப்புறம் நிற்காது. அவர் முடித்ததும் தையல்காரர் அண்ணன் அதையே கொஞ்சம் சின்னதாகச் சொல்வார். அக்கா அதைவிடச் சின்னதாக. அப்புறம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த ஆயாம்மா, அடுத்து அவருடைய தங்கை. கடைசியில் என் முறை. நான் தலையைக் குனிந்துகொண்டு "ஆமென்" என்பேன், அவ்வளவுதான்.

"பாவம், புருஷன் பேரு வந்துரும்னு வாயத் தெறக்க மாட்டேங்குது. எவ்வளவு அடக்கம்!" என்று ஆயாம்மா மெச்சுவார். நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வேன். வசதியாக இருந்தது.

சிக்கல் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தையல்காரர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஒரு செட்டி அம்மாள் இருந்தார், பீபிக் என்று கூப்பிடுவோம், அவர்கள் பேச்சில் அத்தை மாதிரி. அவர்கள் காலங்காலமாக மலாக்காக்காரர்கள். கோயில், குங்குமம், பொங்கல் எல்லாம் உண்டு, தமிழ் மட்டும் வராது, பேச்சு முழுக்க அவர்கள் மலாய்தான். பீபிக்குக்கு எங்கள் கூட்டம் என்றால் பெருமை. சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிலை மென்றுகொண்டு பாட்டு கேட்பார். அத்தனை பாட்டிலும் அவருக்குப் புரிந்த சொல் ஒன்றே ஒன்று. ராஜா. மலாயிலும் அது ராஜாதானே!

ஒரு நாள் பாசாரில் மீன் வரிசையில் நின்றுகொண்டு யாரிடமோ பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "என் பக்கத்து வீட்டு ஆட்கள் ரொம்ப நல்லவர்கள். புதன்கிழமை தவறாமல் கூடி ராஜாவைப் பாடுகிறார்கள். ராஜா திரும்பி வரவேண்டும் என்று அழுகிறார்கள்."

ஜப்பான்காரன் காலத்தில் இதைவிட நல்ல வார்த்தை கிடைக்குமா? எந்த ராஜா? இங்கிலாந்து ராஜாவா? மறுநாளே ஒரு மலாய் மாத்தா-மாத்தா தையல்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். போலீஸ்காரர்தான், ஆனால் தெரிந்தவர், காற்சட்டையைச் சிறிதாக்க அண்ணனிடம்தான் வருவார், அந்த வருஷங்களில் எல்லார் இடுப்பும் இளைத்துக்கொண்டே வந்தது. "அண்ணா, பாடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த ராஜாவை மட்டும் விட்டுவிடுங்கள். ஜப்பான் துவான்கள் காதில் விழுந்தால் சீட்டும் போகும், நீங்களும் போவீர்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த புதன் அண்ணன் சட்டம் போட்டார். "இனிமே அந்த வார்த்தை இந்த வீட்டுல வரக்கூடாது. பாட்டுலயும் கூடாது, ஜெபத்துலயும் கூடாது. யார் சொன்னாலும் அடுத்த வாரம் ஒரு மரவள்ளிக் கெழங்கு கொண்டாந்து வைக்கணும்."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் இரண்டு வருஷமாகப் படும் பாட்டை இவர்களும் படட்டுமே!

பட்டார்கள். கிராணி ஐயா கண்ணை மூடினார். "எங்கள் ரா..." நின்றார். தொண்டையைச் செருமினார். "வானத்துக்கும் பூமிக்கும் ரா..." அண்ணன் ஒரு விரலைக் காட்டினார், ஒரு கிழங்கு. ஐயா மறுபடி ஆரம்பித்து, மறுபடி மாட்டினார். இரண்டு கிழங்கு. மூன்றாவது தடவை வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அந்தக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "அய்யோ, அத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியலியே, தம்பி" என்றார் அண்ணனிடம். முப்பது வருஷமாகச் சபையில் முதல் ஜெபம் செய்கிற மனுஷன்.

அண்ணனுக்கும் வரவில்லை. அக்கா முயற்சி செய்து, "ஆண்டவரே... நூல் தீந்து போச்சு ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டார். அது அவர் மனதில் இருந்த உண்மையான விஷயம் என்பதால் எல்லாரும் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தோம். தையல்காரர் வீட்டில் நூல் தீர்ந்துவிட்டால் அடுப்பு எரியாது. இத்தனை மாதமாக அவர் புட்டு போட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் தின்றுகொண்டிருந்தோம், ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் ஆயாம்மா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான் இத்தன நாளா அந்த வார்த்த இல்லாம ஜெபிக்கிற. மனசுக்குள்ள அவர எப்படிக் கூப்பிடுற? சொல்லிக் குடேன்."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். 'ஆண்டவரே என்பேன்' என்று சொன்னால் முடிந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"நான் கூப்பிடறதே இல்ல" என்றேன். "ஆறு மாசமா ஒரு வார்த்த பேசல. பேரு வந்துரும்னெல்லாம் இல்ல, அது சாக்கு. எதுக்குப் பேசணும்? அவரு போகும்போது தடுத்தாரா? ஒரு கடுதாசி வரவச்சாரா?" என்று ஆரம்பித்தவள், எப்போது அவர்களை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "ஏங்க! உங்களத்தான்! கேக்குதா இல்லையா? அந்த ஆள எங்க வச்சிருக்கீங்க? நான் கூப்பிடாததுக்கு அவர ஏன் புடிச்சு வச்சிக்கிட்டிருக்கீங்க? நான்தானே கூப்பிடல, என்னையக் கேளுங்க!"

கத்திவிட்டு அழுதேன். தேங்காய் துருவிய கதையை எல்லாம் சொன்னேன். அக்கா 'கிளுக்' என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார்.

தையல்காரர் அண்ணன் முகம்தான் சரியில்லை. "கடவுளப் போயி 'ஏங்க'ன்னு... தப்பில்லையா ஐயா?" என்று கிராணி ஐயாவைக் கேட்டார்.

ஐயா நன்றாக யோசித்தார். "மரியாதையாத்தானே கூப்பிட்டுது. 'ங்க' போட்டிருக்கே" என்றார்.

அத்தோடு அது பாஸாகிவிட்டது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும்போது வெயில் இன்னும் இருந்தது. என் கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிட்டது. வழியெல்லாம் 'ஏங்க' போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டே போனேன். சண்டை போட்டால் வீடு வீடாக இருக்கும், பேசாமல் இருந்தால்தான் பயம்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. ஆளுக்கு ஒரு வார்த்தை கண்டுபிடித்தார்கள். அண்ணன் "பெரியவரே" என்றார். ஆயாம்மா "எப்பா" என்றார், வாசலில் போகிற அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி. கிராணி ஐயாவுக்குக் கடைசி வரை எதுவும் அமையவில்லை, "ம்... நான்தான்" என்று மட்டும் ஆரம்பிப்பார். அவர் ஜெபம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சுருங்கியதில்தான் அவரை எங்களுக்குத் தெரிந்தது. வாய்ப்பாடாக இருந்த வரைக்கும் யார் யாருக்கு என்ன குறை என்று தெரியவில்லை. அடுத்த வாரம் ஆயாம்மா ஆஸ்பத்திரியில் கிழிந்த கட்டுத் துணியிலிருந்து நூல் நூலாகப் பிரித்து, ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டு வந்து அக்கா மடியில் வைத்தார். அக்கா அதை முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு புதன் கிராணி ஐயா, "ம்... நான்தான். என் கண்ணாடி உடைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. இவங்ககிட்ட சொல்லல. வேதத்த வாசிக்கிற மாதிரி புடிச்சுக்கிட்டு மனப்பாடமா இருக்கிறத ஒப்பிக்கிறேன். மன்னிச்சிரு" என்றார். அதனால்தான் ஒரே சங்கீதம்! ஒரு வருஷமாக மனுஷன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்ததே பெரிய காரியம். யாருக்கும் கோபம் வரவில்லை. ஆயாம்மா எழுந்து போனார். அடுத்த வாரம் தன் செத்துப்போன புருஷனுடைய மூக்குக்கண்ணாடியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வந்தார். "பொட்டியிலதான் கெடக்குது. போட்டுப் பாருங்க."

ஐயா போட்டார். வேதத்தைத் திறந்தார். எழுத்து தெரிந்தது. ஒரு வரி வாசித்தார், இன்னொரு வரி, பக்கத்தைத் திருப்பினார், இன்னும் திருப்பினார், பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி. பார்த்தால் எழுந்து நின்றுவிட்டார். நின்று, அந்தத் தடை செய்த பாட்டை, ராஜாவில் ஆரம்பிக்கிற பாட்டை, வாய்விட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்! கிழங்கை யார் எண்ணினார்கள்? எல்லாருமே எழுந்து நின்று பாடினோம். அந்த இடத்தில் மட்டும் நான் வாயை மூடினேன், பழக்கம் போகவில்லை.

பாட்டு முடிந்ததும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே மூன்று பேர். நம் காற்சட்டை மாத்தா-மாத்தா ஒருவர், தெரியாத மாத்தா ஒருவர், நடுவில் ஜப்பான்காரர் ஒருவர். தெரியாத மாத்தா உள்ளே வந்து, சுவரில் இருந்த அனுமதிச் சீட்டை ஆணியோடு பிடுங்கினார். வீட்டுக்காரரும், நன்றாக மலாய் பேசுகிற ஒருவரும் காலையில் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார். நன்றாக மலாய் பேசுவது யார்? நான்தான். பீபிக்கோடு சண்டை போட்டே கற்றுக்கொண்ட மலாய்.

காலையில் அண்ணனும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். சீட்டு போனால் புதன்கிழமை போகும், அதைவிட அண்ணனே உள்ளே போய்விட்டால் அக்கா என்ன செய்வார்? எனக்கும் பயந்தான், ஆனால் பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி, வாளைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பவர். இடுப்பு வளைய வணங்கினோம்.

"ராஜா மானா?" என்றார் மொழிபெயர்ப்பவர். எந்த ராஜா?

அண்ணன் என்னைப் பார்த்தார். பரலோக ராஜா என்று சொல்லலாம். அவர்களுக்கு ராஜா என்றால் அவர்கள் ராஜாதான், அவருக்கு மேலே இன்னொருவர் என்று சொன்னால் கதை முடிந்தது. ஒரு கணம் கண்ணை மூடினேன். 'ஏங்க, என்ன சொல்லட்டும்?' என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

"ராஜா இத்து லாக்கி சாயா" என்றேன். அந்த ராஜா என் புருஷன்.

அறையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பின்னால் நின்ற அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. "முழுப் பேர் என்ன?" என்றார் மொழிபெயர்ப்பவர், பேனாவை எடுத்துக்கொண்டு. வரிசையில் பின்னால் நிற்க ஒரு பெண்ணும் இல்லை. சொன்னேன். கல்யாணமாகி முதல் தடவையாக, முழுப் பெயரையும், அவர் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அந்த ஆள் அதைப் பெரிய புத்தகத்தில் எழுதினார்.

"எங்கே இருக்கிறார்?"

"சயாமில். உங்கள் ரயில் பாதையில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறார். அவர் திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் கூடுகிறோம்."

அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மனைவி புருஷனை ராஜா என்று கூப்பிடுவது உங்கள் வழக்கமா என்று கேட்கிறார்."

"நான் வைத்த பெயர் இல்லை, துவான். அவர் அம்மா வைத்தது" என்றேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் எங்கேயோ ஒரு மனைவி இருந்திருப்பாள், என்னவோ. சீட்டில் ஒரு முத்திரை குத்தி அண்ணன் பக்கம் தள்ளினார். சத்தம் குறைவாகப் பாடச் சொன்னார். வெளியே வந்து நேரே மரத்தடிக்குப் போனோம்.

அங்கே பீபிக் உட்கார்ந்திருந்தார், வெற்றிலைப் பெட்டியோடு. சேதி கேட்டு, தன் வாயால் வந்த வினை என்று தானே சாட்சி சொல்லப் புறப்பட்டு வந்திருக்கிறார். "உன் பாட்டு எனக்குப் புரியாது, பிள்ளை" என்றார் அவர் மலாயில். "ஆனால் எண்ணத் தெரியும். முன்னெல்லாம் நீங்கள் வேண்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து குரல்தான் கேட்கும். இப்போது ஆறு. அதைச் சொல்லலாமென்று வந்தேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வழியில் அண்ணன் புலம்பினார். "பொய் சொல்லிட்டு வந்துட்டமே, தங்கச்சி. நாம பாடினது அவர இல்லியே."

"பொய்யின்னா அத நெசமாக்குங்க" என்றேன். "இனிமே ஒவ்வொரு வாரமும் அவருக்காகக் கேளுங்க. மொத்தமா 'சயாமுக்குப் போனவங்க'ன்னு இல்ல. பேரச் சொல்லிக் கேளுங்க."

கேட்டார்கள். அதுவரை என் முன்னால் 'தங்கச்சி வீட்டுக்காரர்' என்றே மரியாதையாகச் சொன்னவர்கள், இப்போது ஐந்து பேரும் வாரா வாரம் முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டார்கள். எனக்குக் காது சுடும். என் முறை வந்தால், "ஏங்க, அந்த ஆளத் திருப்பி அனுப்புங்க. கூப்பிடாம விட்டது என் தப்பு. இனிமே கூப்பிடுறேன்" என்பேன். ஒன்றரை வருஷம் இதே ஜெபம். கிராணி ஐயாவின் ஒரே சங்கீதத்தைக் கிண்டல் செய்தவள் நான்! ஆனால் இது வாய்ப்பாடாகவில்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வலித்தது.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. சயாமுக்குப் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். மலாக்காவுக்கு ரயில் கிடையாது, எங்கள் ஊர்த் தண்டவாளத்தையே பிடுங்கி அங்கேதான் கொண்டு போயிருந்தார்கள். ரயில் நிற்கிற தம்பின் ஊரிலிருந்து லோரியில் வந்து ஆற்றுப் பாலத்துப் பக்கம் இறங்குவார்கள். மூன்று லோரிக்குப் போனேன். வந்தவர்களைவிட வராதவர்களைக் கேட்டு அழுகிறவர்கள்தான் அதிகம். நான்காவது லோரிக்கு அக்காவும் கூட வந்தார்.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஒரு முகமும் அவர் முகமில்லை. அப்போது பார்த்தால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள், தோளில் ஒரு சாக்கு, பாலத்தை நோக்கிப் போகிறார். பாதி ஆள்தான் இருந்தது. ஆனால் அந்த நடை! "ஏங்க!" என்று கத்தினேன்.

தெருவே திரும்பியது. லோரி டிரைவர் திரும்பினார், ரிக்‌ஷாக்காரர் திரும்பினார், பெட்டிக்கடைக்காரர் திரும்பினார், எல்லாத் தமிழனுக்கும் அது பெயர்தானே. அவர் ஒருவர்தான் திரும்பவில்லை. "ஏங்க!" இன்னும் தூரமாகப் போகிறார். காய்ச்சலுக்கு அள்ளி விழுங்கிய கொய்னாவில் காது பாதி போய்விட்டது என்று அப்புறம்தான் தெரியும். எனக்கு அடுப்படியும் செருப்புச் சத்தமும் ஞாபகம் வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து, ஸ்டேஷனில் சொன்ன மாதிரி, முழுப் பெயரையும் நடுத்தெருவில் கத்தினேன்.

நின்றார். தலையைத் திருப்பினார். ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்ப்பாரே, அதே சிரிப்பு. முன்பல் இரண்டு இல்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு வந்தாச்சா?" என்றார் கிட்டே வந்ததும்.

"போலீஸ் புத்தகத்துலயே எழுதியாச்சு. தெருவுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் புதன் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். காது கேட்க வேண்டுமே என்று என்னை ஒட்டி உட்கார வைத்தார் அக்கா. கிராணி ஐயா, "ம்... நான்தான்" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒருவர் ஒருவராக நன்றி சொல்லி, கடைசியில் என் முறை வந்தது. கண்ணை மூடினேன். மெதுவாக, "ஏங்க..." என்றேன்.

"என்ன?" என்று திரும்பினார் பக்கத்தில் இருந்தவர்.

"உங்கள இல்ல" என்றேன்.